முப்பத்தோராம் நாள்

பாலேஸ்வரியைக் குடியுரிமை நீதிபதி நேரில் அழைத்திருக்கிறார் என்று கடிதம் வந்ததையும், ஜெயரட்ணம் அந்தக் கடிதத்தைக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டி, வந்தவர் போனவருக்கெல்லாம் காட்டியதையும் போன கிழமை பார்த்தோம். கடிதத்தில் குறித்த நாள் இன்று விடிந்துவிட்டது. 1998 ஏப்ரல் இருபத்தொன்று, செவ்வாய்க்கிழமை. டொரன்டோவின் மில்லிக்கன் பகுதியில் அவர்கள் வீட்டில் ஆறு மணிக்கே எல்லா விளக்கும் எரிந்தன.

ஜெயரட்ணம் சாப்பாட்டு மேசையில் விண்ணப்பக் கோப்பை விரித்து வைத்துக்கொண்டிருந்தார். ஊரில் இருபத்திரண்டு வருடம் கச்சேரி என்ற அரசாங்க அலுவலகத்தில் எழுதுவினைஞராக இருந்தவர். இங்கே மார்க்கம் நகரில் ஒரு அலுவலகக் கட்டடத்துக்குக் காவல் வேலை. ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கம்பக்கத்துத் தமிழர்கள் படிவங்களோடு வந்து அவர் முன்னால் உட்காரும்போது, அவர் முகத்தில் பழைய கச்சேரிக் களை திரும்பி வந்துவிடும்.

"விண்ணப்பம் போட முந்தின நாலு வருசத்துக்குள்ள ஆயிரத்துத் தொண்ணூற்றஞ்சு நாள் கனடாவுக்குள்ள நிண்டிருக்க வேணும். உமக்கு ஆயிரத்துத் தொண்ணூற்றேழு கிடக்குது. நான் எண்ணினது. ரெண்டு நாள் கூட," என்றார்.

"நூறு தரம் சொல்லிப் போட்டியள்," என்றாள் பாலேஸ்வரி, தேநீரை அவர் பக்கம் தள்ளிவிட்டு.

அவளுடைய பதற்றம் கணக்கைப் பற்றியதல்ல. நோர்வேயில் இருக்கும் மூத்த மகள் ரதியைப் பற்றியது.

பதினெட்டு வயதில் படிக்கவென்று போன ரதியைக் கண்ணால் கண்டு எட்டு வருடமாகிறது. பார்க்கப் போகலாம் என்று பாலேஸ்வரி இலங்கைப் பாஸ்போர்ட்டில் இரண்டு முறை விசா கேட்டாள். இரண்டு முறையும் இல்லை என்றே பதில் வந்தது. இப்போது ரதிக்கு ஏழாம் மாதம். ஜூனில் முதல் பிள்ளை. கனடா பாஸ்போர்ட் கையில் வந்தால் விசாவே தேவையில்லை, ஏறி உட்கார வேண்டியதுதான். இன்று நீதிபதி மறுத்தால் புதிதாக விண்ணப்பம், இன்னொரு வருடம். அதற்குள் பேரப்பிள்ளை நடந்து திரியும். பெற்ற மகளுக்குப் பிள்ளை பெற்ற உடம்பு தேற, காயம் என்ற மருந்துச் சரக்கு அரைத்துக் கொடுக்க வேறு யார் இருக்கிறார்கள் அந்தப் பனி நாட்டில்?

ரதி மன்னாரைச் சேர்ந்த வின்சன்ற் என்ற கத்தோலிக்கப் பையனைத் தானாகவே கட்டிக்கொண்டாள். அன்றைக்கு வாயை மூடிய தகப்பன் மூன்று வருடமாக அவளோடு பேசவில்லை. அவள் பெயரைக்கூடச் சொல்வதில்லை. ஆனால் மனைவியின் படிவத்தை மட்டும் மூன்று ஞாயிறு உட்கார்ந்து எழுதி முடித்தார். எதற்காக என்று பாலேஸ்வரி கேட்கவுமில்லை. நீட்டிய இடத்தில் வாசித்துப் பார்க்காமலே கையெழுத்து வைத்தாள்.

அவள் கைப்பையைத் திறந்து அம்மாவின் கல்வெட்டை எடுத்தாள். மூன்று வருடத்துக்கு முன்னால் லண்டனில், தம்பி விநாயகமூர்த்தி வீட்டில் அம்மா காலமானபோது, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்குக்கு அவர் நினைவாக அச்சடித்துக் கொடுத்த சிறு புத்தகம் அது. அட்டையில் அம்மா சிரிக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே, தேவாரப் பக்கத்துக்கு நடுவில், மடித்த கடதாசிப் பொட்டலம். அன்றைக்கு ஐயர் தந்த திருநீறு. நல்ல காரியத்துக்குப் போகும்போது மட்டும் அதில் ஒரு துளி தொடுவாள். இன்றைக்குத் தொட்டுப் பூசிக்கொண்டு பொட்டலத்தைப் பழையபடி மடித்து வைத்தாள்.

"அம்மா, லெற்ஸ் கோ! ட்ராஃபிக் கூடப் போகுது," என்று வாசலில் சாவியை ஆட்டினாள் இளைய மகள் துவாரகா. அவள் இன்று வேலைக்கு லீவு போட்டிருந்தாள்.

காரில் ஜெயரட்ணம் பின்னால் திரும்பித் திரும்பிப் பாடம் எடுத்தார்.

"கேட்டதுக்கு மட்டும் மறுமொழி. கதை அளக்க வேண்டாம். லண்டன் பயணம் விண்ணப்பப் போமில கிடக்குது. அவ்வளவுதான்."

"அப்ப டிட்ரோயிற்?"

"அது என்ன டிட்ரோயிற்?"

"உங்கட ஒண்டைவிட்ட தங்கச்சி வீட்டை ரெண்டு தரம் போனமெல்லோ. அவளின்ர பெட்டை பெரிசான சாமத்தியவீட்டுக்கு மூண்டு நாள், பிறகு கலியாணத்துக்கு நாலு நாள்."

ஜெயரட்ணம் கையை வீசினார். "அதெல்லாம் கணக்கில்லை. கார்ல போய்க் கார்ல வந்தது. ஆராவது முத்திரை குத்தினவனோ? அவன் யன்னலுக்குள்ளால எட்டிப் பாத்திட்டுப் போகச் சொன்னவன். பிளேன் ஏறினால்தான் வெளிநாடு."

"அப்பா! கார்ல போனாலும் அது அமெரிக்காதானே," என்றாள் துவாரகா. "ஓ மை கோட். அதைப் போமில எழுதேல்லையா?"

"நீ றோட்டைப் பாத்து ஓடு."



குடியுரிமை அலுவலகத்தில் விண்ணப்பித்தவர் மட்டும்தான் உள்ளே போகலாம். ஜெயரட்ணமும் துவாரகாவும் வெளி வரிசை நாற்காலிகளில் தங்கினார்கள். கோப்பை இன்னொரு தரம் புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் ஜெயரட்ணம் அதை அவளிடம் கொடுத்தார்.

நீதிபதி அறுபது வயது மதிக்கத்தக்க பெண். நீலக் கம்பளிச் சட்டை, கழுத்தில் சங்கிலியில் தொங்கும் கண்ணாடி. முதலில் உண்மையே பேசுவதாகச் சொல்லச் சொன்னார். பாலேஸ்வரி வலக்கையை உயர்த்திச் சொன்னாள். அவளுடைய ஆங்கிலம், வேலை செய்யும் கேக் பக்டரியில் பழகிய ஆங்கிலம். கட்டைதான், ஆனால் போய்ச் சேரவேண்டிய இடத்துக்குப் போய்ச் சேரும்.

தலைநகரம் எது, மாகாணங்கள் எத்தனை, வாக்களிப்பது ஏன் முக்கியம். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். மாகாணங்களைக் கேட்டபோது விரல் விட்டு எண்ணி, பத்தாவதுக்கு வந்தபோது நீதிபதி தலையாட்டினார்.

"நல்லது. இனி நாட்கள்," என்று கண்ணாடியை மாட்டினார். "1994 ஏப்ரலில் குடிவந்திருக்கிறீர்கள். 1995இல் லண்டன். அதைத் தவிர, இந்தக் காலத்தில் கனடாவை விட்டு வெளியே போனீர்களா? ஒரு நாளுக்கென்றாலும்? காரில் என்றாலும்?"

காரில் என்றாலும்!

கதவுக்கு வெளியே புருஷன் உட்கார்ந்திருக்கிறார். ஜூனில் ரதிக்குப் பிள்ளை. ஒரே ஒரு சொல், இல்லை என்ற சொல், அதைச் சொன்னால் போதும். முத்திரையும் இல்லை, சாட்சியும் இல்லை. ஆனால் கை தானாக நெற்றிக்குப் போய்விட்டது. அம்மாவின் அந்தியேட்டித் திருநீற்றைப் பூசிக்கொண்டு வந்து பொய் சொல்ல அவளுக்கு நா எழவில்லை.

"போனேன். இரண்டு முறை. டிட்ரோயிட்," என்றாள். "மூன்று நாள். பிறகு நான்கு நாள்."

"ஏன் படிவத்தில் இல்லை?"

"காரில் போனதால் கணக்கில்லை என்று நினைத்தோம். பிழை."

நீதிபதி அவளை ஒரு கணம் பார்த்தார். பிறகு கணிப்பானைத் தட்டினார். அந்தச் சின்னப் பொத்தான்களின் சத்தம் பாலேஸ்வரிக்குத் தலைக்குள் கேட்டது.

"ஆயிரத்துத் தொண்ணூறு," என்றார். "ஐந்து நாள் குறைகிறது, திருமதி ஜெயரட்ணம். சில நீதிபதிகள் வேறு விதமாகப் பார்ப்பார்கள். நான் நாட்களை எண்ணுகிறவள். நேர்மையாகச் சொன்னீர்கள், அதற்கு நன்றி. ஆனால் நான் அனுமதிக்க முடியாது."

ஐந்து நாள். எட்டு வருடம் பொறுத்தவளுக்கு ஐந்து நாள் இல்லை. அழக்கூடாது என்று பல்லைக் கடித்தாள்.

"இந்த இரண்டு பயணத்தையும் இங்கே சேர்த்து எழுதிக் கையெழுத்திடுங்கள்," என்று நீதிபதி படிவத்தை அவள் பக்கம் திருப்பினார்.

பாலேஸ்வரி தன் சொந்தப் படிவத்தை வாழ்க்கையில் முதல் முறையாக வாசித்தாள். ஜெயரட்ணத்தின் அழகான கச்சேரி எழுத்து. லண்டன். புறப்பட்டது: 1995 ஜனவரி 13. திரும்பியது: 1995 பெப்ரவரி 20.

பேனா அந்தரத்தில் நின்றது.

பெப்ரவரி இருபதா?

பெப்ரவரி பதினாலாம் தேதி அவள் பக்டரியில் அல்லவா நின்றாள்! காதலர் தினத்துக்கு இதய வடிவ கேக். சிவப்பு ஐசிங் முழங்கை வரைக்கும். சுப்பர்வைசர் கிளடிஸ், "உன் அம்மாவுக்காக வருந்துகிறேன், ஆனால் எனக்குக் கை வேண்டும்" என்று கட்டிப்பிடித்து அழுதுவிட்டு இரட்டை ஷிப்ட் போட்டாளே. அதை எப்படி மறப்பது?

"இது பிழை," என்றாள் பாலேஸ்வரி.

"எது?"

"நான் இருபதாம் தேதி வரவில்லை. அதற்கு முன்னமே வந்துவிட்டேன்."

நீதிபதியின் முகத்தில் சந்தேகம் ஏறியது. ஏறாதா பின்னே? நாள் குறைகிறது என்று சொன்ன அடுத்த நிமிடமே நாள் கண்டுபிடிக்கிற ஆட்களை அவர் எத்தனை பேரைப் பார்த்திருப்பார்.

"இந்தத் தேதியை யார் எழுதினார்கள்?"

"என் கணவர்."

"அவருக்கு எங்கிருந்து கிடைத்தது?"

அதுதானே? பாலேஸ்வரி விரல்களை மடக்கி எண்ணத் தொடங்கினாள். ஜெயரட்ணம் லண்டனுக்கு வரவில்லை. அந்தியேட்டி முடிந்து மூன்றாம் நாள் வந்தேன் என்று அவள் சொல்லியிருந்தாள். அந்தியேட்டி முப்பத்தோராம் நாள். அதை வைத்துக்கொண்டு அவர் தேதியைக் கட்டியிருக்கிறார். எந்த நாளிலிருந்து முப்பத்தொன்று?

அவளுக்குப் பளிச்சென்று பிடிபட்டது.

"எங்கள் ஆட்களுக்கு ஒருவர் இறந்தால் முப்பத்தோராம் நாள் ஒரு சடங்கு," என்றாள். "ஊரில் இன்று செத்தால் இன்று அல்லது நாளை தகனம். எதிலிருந்து எண்ணினாலும் பெரிய வித்தியாசம் வராது. லண்டனில் அப்படியில்லை. தகனத்துக்கு வரிசை. அம்மா இறந்தது ஜனவரி பதினொன்று. தகனம் பத்தொன்பது. எட்டு நாள் அம்மாவைக் குளிருக்குள் வைத்திருந்தார்கள்."

அவள் குரல் அந்த இடத்தில் உடைந்தது. சமாளித்துக்கொண்டு தொடர்ந்தாள்.

"ஐயர் செத்த நாளிலிருந்து எண்ணினார். என் கணவர் தகனம் செய்த நாளிலிருந்து எண்ணிவிட்டார். எட்டு நாள் கூட எழுதிவிட்டார்."

நீதிபதி கணிப்பானைத் தொடவில்லை. "எனக்கு விளங்குகிறது," என்றார் மெதுவாக. "ஆனால் இது உங்கள் நினைவு. லண்டனில் வெளியேறும்போது முத்திரை குத்துவதில்லை. உங்கள் பாஸ்போர்ட்டில் திரும்பி வந்ததற்கு அடையாளம் இல்லை. ஏதாவது கடதாசி இருக்கிறதா?"

பாலேஸ்வரி கைப்பைக்குள் கையை விட்டாள். கல்வெட்டை எடுத்து மேசையில் வைத்தாள். அட்டையில் அம்மா. கீழே தமிழில் பிறப்பைச் சொல்லும் மலர்வு, இறப்பைச் சொல்லும் உதிர்வு, அந்தியேட்டி. எழுத்துத் தெரியாவிட்டாலும் இலக்கம் இலக்கம்தானே. உதிர்வு 11.01.1995. அந்தியேட்டி 10.02.1995.

நீதிபதி விரலை வைத்து எண்ணிப் பார்த்தார். ஜனவரி பதினொன்றிலிருந்து பெப்ரவரி பத்து. முப்பத்தொன்று.

"சடங்கின் தேதி சரி," என்றார். "ஆனால் அதற்குப் பிறகு நீங்கள் லண்டனில் இன்னும் பத்து நாள் நின்றிருக்கலாமே?"

நியாயமான கேள்வி. காதலர் தின ஷிப்டைச் சொல்லலாம், ஆனால் அதற்கும் பாலேஸ்வரியிடம் கடதாசி இல்லை. கல்வெட்டைத் திருப்பி எடுக்கப் போனபோது நடுப்பக்கத்திலிருந்து பொட்டலம் நழுவி மேசையில் விழுந்தது. விழுந்த வேகத்தில் மடிப்பு விரிந்து, திருநீறு அரசாங்கப் படிவத்தின் மேல் கொட்டியது.

"ஐயோ! மன்னிக்கவேண்டும், மன்னிக்கவேண்டும்," என்று கையால் கூட்டி அள்ளினாள். அள்ளும்போதுதான் பொட்டலக் கடதாசியைப் பார்த்தாள். சாதாரணக் கடதாசி இல்லை. தடித்த அட்டை. ஒரு ஓரத்தில் விமானத்தின் அடையாளம். திரும்பி வரும் விமானத்தில் ஐயர் தந்த இலைப் பொட்டலம் கசியத் தொடங்கியதும், கையில் அகப்பட்டதில் சுற்றினாள். அகப்பட்டது எது? விமானம் ஏறும்போது கிழித்துத் தந்த போர்டிங் பாஸ் துண்டு!

மூன்று வருடமாக அதைத் திறந்து திறந்து மூடியிருக்கிறாள். ஒரு நாளும் வாசிக்கவில்லை.

ஊதித் தட்டிவிட்டு இரண்டு கையாலும் நீட்டினாள். நீதிபதி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு உரக்க வாசித்தார். ஜெயரட்ணம் பாலேஸ்வரி. லண்டனிலிருந்து டொரன்டோ. பெப்ரவரி 12.

"வருடம் இல்லை," என்றார்.



நீதிபதி துண்டைக் கல்வெட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். அங்கே 10.02.1995. இங்கே 12 பெப்ரவரி. இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். பாஸ்போர்ட்டைப் புரட்டி லண்டனுக்குள் நுழைந்த ஒரே ஒரு முத்திரையைப் பார்த்தார். வேறு லண்டன் பயணம் கிடையாது. பிறகு கணிப்பானை எடுத்தார். இந்த முறை அந்தப் பொத்தான் சத்தத்தைப் போல இனிமையான சத்தத்தைப் பாலேஸ்வரி கேட்டதே இல்லை.

"ஆயிரத்துத் தொண்ணூற்றெட்டு," என்றார் நீதிபதி. "மூன்று நாள் அதிகம்."

பாலேஸ்வரி இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள்.

"அழுது முடித்ததும் எல்லாவற்றையும் உங்கள் கையால் திருத்துங்கள். ஒவ்வொரு திருத்தத்துக்கும் பக்கத்தில் கையெழுத்து. இனிமேல் வாசிக்காமல் எதிலும் கையெழுத்து வைக்காதீர்கள்."

"வைக்க மாட்டேன்."

ஜெயரட்ணத்தின் அழகான எழுத்தைக் குறுக்கே வெட்டி, தன் கோணல் எழுத்தில் பெப்ரவரி 12 என்று எழுதினாள். டிட்ரோயிட் பயணங்கள் இரண்டையும் எழுதினாள். படிவத்தின் மடிப்புகளில் திருநீறு இன்னும் வெள்ளையாகக் கிடந்தது. நீதிபதி அதைத் தட்டிவிடவில்லை.

"ஏன் இவ்வளவு அவசரம் உங்களுக்கு?" என்று கேட்டார்.

"ஜூனில் மகளுக்குப் பிள்ளை. நோர்வேயில். நான் போக வேண்டும்."

நீதிபதி நாட்காட்டியைப் புரட்டினார். "மே ஏழாம் தேதி சத்தியப்பிரமாணம் இருக்கிறது. அதில் போடச் சொல்கிறேன்."

கதவைத் திறந்துகொண்டு அவள் வெளியே வந்த வேகத்தைப் பார்த்து ஜெயரட்ணம் எழுந்து நின்றார். கண்கள் சிவந்திருக்கின்றன, முகம் சிரிக்கிறது. அவருக்கு எதை நம்புவதென்று தெரியவில்லை.

"என்னப்பா? என்ன சொன்னவ?"

"மே ஏழாம் தேதி சத்தியப்பிரமாணம்."

துவாரகா, "யெஸ்!" என்று போட்ட சத்தத்தில் வரிசையில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். தாயைக் கட்டிப்பிடித்துத் தூக்கியே விட்டாள்.

"நான் சொன்னனான்தானே," என்று ஜெயரட்ணம் கோப்பை வாங்கிக்கொண்டார். "என்ர கணக்கு ஒரு நாளும் பிழைக்காது."

பாலேஸ்வரி அவரை நிமிர்ந்து பார்த்தாள். "உங்கட கணக்குப் பிழை."

"என்ன?"

"டிட்ரோயிற்றைக் கேட்டவ. ஓமெண்டு சொன்னனான். அஞ்சு நாள் குறைஞ்சு போச்சுது. முடிஞ்சுதெண்டு இருந்தன். பிறகு பாத்தால் நீங்கள் லண்டனில எட்டு நாள் கூட எழுதி வைச்சிருக்கிறியள். அம்மாதான் வந்து அந்த எட்டு நாளையும் திருப்பித் தந்தவ."

நடந்ததையெல்லாம் சொன்னாள். மனிதன் மகிழ்ச்சியில் துள்ளுவார் என்றுதானே நினைப்பீர்கள்? அவர் நெற்றியைச் சுருக்கினார்.

"செத்த நாளில இருந்தோ எண்ணினவை? உது எந்த ஊர் வழக்கம்? சுட்ட நாளில இருந்தெல்லோ எண்ண வேணும்! உம்மட தம்பியாருக்கு உதுகள் தெரியாது."

"அப்பா!" என்று சிரிப்பில் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள் துவாரகா. "அம்மாவுக்குச் சிற்றிசன்ஷிப் கிடைச்சிட்டுது. யூ லொஸ்ற். விடுங்கோ."

கார் ஸ்டீல்ஸ் தெருவுக்கு வரும்வரை ஜெயரட்ணம் விரல்களை மடக்கி மடக்கி எண்ணிக்கொண்டே வந்தார். வீட்டுத் தெருவுக்குள் திரும்பும்போது, "நல்ல வேளை நீர் உள்ளதைச் சொன்னது," என்று யன்னலைப் பார்த்துச் சொன்னார். முப்பது வருடத் தாம்பத்தியத்தில் பாலேஸ்வரிக்கு இப்படி ஒரு வார்த்தை கிடைத்தது இதுதான் முதல் முறை. அவள் அதை அனுபவித்துக்கொண்டு சும்மா இருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் ரெலிபோன் கார்டைத் தேடினாள். இங்கே மத்தியானம் இரண்டு மணி. நோர்வேயில் இரவு எட்டு. கார்டில் எத்தனை நிமிடம் மிச்சம் என்று பார்க்க அவளுக்குப் பொறுமை இல்லை. நீண்ட இலக்கங்களை அழுத்தினாள். மணி மூன்று தரம் அடித்தது.

"ஹலோ?"

"ரதி, அம்மா."

"அம்மா... என்னவாம்?"

"வாறனடி பிள்ளை. வாறன். மே ஏழு சத்தியப்பிரமாணம், பிறகு பாஸ்போட். பிள்ளை பிறக்க முந்தி அம்மா அங்க நிப்பன்."

அந்தப் பக்கத்தில் அழுகை வந்தது. பாலேஸ்வரியும் அழுதாள். எட்டு வருடத்து அழுகை. துவாரகா ஓடிவந்து காதைக் கொடுத்து, "அக்கா, ஷீ டிட் இற்!" என்று கத்தினாள்.

"காயத்துக்குச் சரக்கெல்லாம் கொண்டு வாறன். வின்சன்ற் தம்பிக்கு என்ன விருப்பம் எண்டு கேட்டுச் சொல்லு," என்று பாலேஸ்வரி கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்.

சமையலறை வாசலில் ஜெயரட்ணம் நின்றார். வழக்கமாக ரதியின் அழைப்பு என்றால் அவருக்கு நிலவறையில் ஏதாவது வேலை வந்துவிடும். இன்றைக்கு அவர் போகவில்லை. கோப்பை இன்னும் கக்கத்தில் வைத்திருந்தார்.

"கேளும்," என்றார்.

"என்னத்தை?"

"டிக்கற் ஒண்டு போடுறதோ, ரெண்டு போடுறதோ எண்டு."

பாலேஸ்வரி ரிசீவரைக் கையால் பொத்தினாள். "என்ன சொல்லுறியள்?"

"என்ர கனடா பாஸ்போட் போன வருசமே வந்திட்டுதெல்லோ. அலுமாரிக்குள்ள சும்மாதானே கிடக்குது." அவர் அவளைப் பார்க்காமல், நிலத்தைப் பார்த்துச் சொன்னார். "நானும் வரலாமோ எண்டு பிள்ளையைக் கேளும்."

துவாரகா வாயைப் பொத்திக்கொண்டாள். ரிசீவருக்குள் ஒரு பெண் குரல் ஆங்கிலத்தில் குறுக்கிட்டு, இன்னும் ஒரு நிமிடமே மிச்சம் என்று அறிவித்தது.

"ரதி, கார்ட் முடியப்போகுது, கெதியாச் சொல்லு," என்றாள் பாலேஸ்வரி. "அப்பா பக்கத்தில நிக்கிறார். தானும் வரலாமோ எண்டு கேக்கிறார்."

அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்டது. ஒரு முறை. இரண்டு முறை. மூன்றாவது மூச்சுக்குப் பிறகு, "அம்மா, அப்பாட்டைச் சொல்லுங்கோ..." என்று ரதி தொடங்கினாள்.

இணைப்பு அறுந்தது.

"என்ன சொன்னவள்?" என்று ஜெயரட்ணம் கேட்டார்.

பாலேஸ்வரி ரிசீவரைக் காதிலிருந்து எடுக்காமலே அவரைப் பார்த்தாள். "தொடங்கினவள். அதுக்குள்ள கார்ட் முடிஞ்சு போச்சுது."

துவாரகா கார்ச் சாவியைத் தேடித் திரும்பினாள். அவளுக்கு முன்னாலேயே ஜெயரட்ணம் கோப்பை மேசையில் எறிந்துவிட்டு, வாசலில் குனிந்து சப்பாத்து நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தார். பிளாசாக் கடைக்குப் போய் இன்னொரு கார்ட் வாங்க.